இல்ல ஊர்தியில் இன்வெர்ட்டர்: பேட்டரியிலிருந்து தொடங்கும் தேர்வு

ஆய்வுச்சுருக்கம்

மோட்டார்ஹோம் எனப்படும் இல்ல ஊர்தியில் வீட்டு மின்கருவிகளை இயக்க இன்வெர்ட்டர் பொருத்துவோர், கருவிகளின் வாட் அளவுகளைக் கூட்டி, அத்தொகைக்குச் சற்று மேற்பட்ட ஒன்றை வாங்குவதே பெருவழக்காக உள்ளது. இம்முறையில் பேட்டரியும் அதனை இன்வெர்ட்டரோடு இணைக்கும் கம்பியும் தாங்கக்கூடிய மின்னோட்டம் கணக்கில் வருவதில்லை. மேலும், ஊர்தியின் பேட்டரி இன்வெர்ட்டருக்கு மட்டும் உரியதன்று. எரிவாயுக் கணப்பின் காற்றாடி, எரிவாயுக் கசிவு உணரி, நீரேற்றி ஆகியனவும் அதனையே நம்பியுள்ளன. எனவே தேர்வு பேட்டரியிலிருந்து தொடங்கிக் கருவிகளை நோக்கிச் செல்ல வேண்டும் என்பதை, 12 வோல்ட் பேட்டரியும் 120 வோல்ட் கருவிகளும் கொண்ட வட அமெரிக்க ஊர்தியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இல்ல ஊர்தி, இன்வெர்ட்டர், பேட்டரி, மின்னழுத்த இறக்கம், அலைவடிவம், நடுநிலைக் கம்பி.

முன்னுரை

தமிழக வீடுகளில் மின்வெட்டு நேரத்துக்கென இன்வெர்ட்டர் வைத்திருப்போர் ஓர் அறிவுரையைக் கேட்டிருப்பர்: விளக்கும் மின்விசிறியும் அதில் ஓடட்டும், கிரைண்டரையும் ஏசியையும் அதில் இணைக்க வேண்டாம். மின்பணியாளர் அதற்கெனத் தனிக் கம்பியிழுத்து, இன்வெர்ட்டரில் இயங்கும் சுற்றைப் பிரித்து வைத்துவிடுவார். பயன்படுத்துவோர் கணக்குப் போட வேண்டிய தேவையே எழுவதில்லை.

வட அமெரிக்க இல்ல ஊர்தியில் நிலை வேறு. சமையலறை, படுக்கை, குளியலறை யாவும் ஒரே வண்டிக்குள் அடங்கியிருக்க, மைக்ரோவேவ் அடுப்பு, காப்பி வடிக்கும் கருவி, தலைமுடி உலர்த்தி, கூரை ஏசி என 120 வோல்ட் கருவிகள் பலவும் அதில் இடம்பெறுகின்றன. முகாமிடத்தின் மின்தூணில் ஊர்தியின் கம்பியைச் செருகினால் இவை இயங்கும். 30 ஆம்பியர் இணைப்பு ஒன்று 3600 வாட் வரை தரவல்லது. மின்தூண் இல்லாத காட்டு முகாமிலும் இதே கருவிகளை இதே பழக்கத்தோடு இயக்க முற்படும்போதுதான் இன்வெர்ட்டர் பற்றிய கேள்வி எழுகிறது.

ஜெனரேட்டர் உண்டே எனலாம். ஆனால் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மிகையான ஒலி எழுப்புவதை விதிமுறைகள் தடுக்கின்றன. பல முகாம்களில் பகலிலும் ஜெனரேட்டர் ஓட்டச் சில மணி நேரமே இசைவு உண்டு. உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயுள்ள ஒருவர் சிபாப் எனும் காற்றழுத்தக் கருவியை இரவு முழுதும் அணிந்திருக்க வேண்டும். அவருக்கு அவ்விரவில் கிடைக்கும் ஒரே மின்வாயில் பேட்டரிதான். அப்பேட்டரி நள்ளிரவில் ஓய்ந்துவிடுமா, விடியும்வரை நிற்குமா என்பது பெரும்பாலும் இன்வெர்ட்டரை வாங்கிய நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

சொல்லும் பொருளும்

மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசை மின்னோட்டமாக்கும் கருவியைத் திருத்தி என்கிறோம். அத்திருத்தியை எதிர்ப்போக்கில் இயக்கினால் நேர்திசை மின்னோட்டம் மாறுதிசை மின்னோட்டமாகும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர் டேவிட் பிரின்ஸ், 1925இல் அந்நிறுவன இதழில் எழுதிய கட்டுரைக்கு 'இன்வெர்ட்டர்' என்றே தலைப்பிட்டார். 'தலைகீழாக்கப்பட்ட திருத்தி' என்ற கருத்திலிருந்து பிறந்த பெயர் அது. தமிழில் இதனை 'நேர்மாற்றி' என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். நேர்மாறாகச் செயற்படுவது என்றும், நேர்திசை மின்னோட்டத்தை மாற்றுவது என்றும் இருவகையாகப் பொருள் கொள்ள அச்சொல் இடந்தருகிறது. எனினும் கடையிலும் வீட்டிலும் வழங்கும் 'இன்வெர்ட்டர்' என்ற சொல்லையே இக்கட்டுரை ஆள்கிறது.

பெயர் எதுவாயினும் ஒன்றை மறத்தலாகாது. இன்வெர்ட்டர் ஆற்றலைப் படைப்பதில்லை. பேட்டரியில் உள்ள ஆற்றலை வேறு வடிவில் தருகிறது. தரும்போது பத்தில் ஒரு பங்களவை வெப்பமாக இழக்கிறது. அதன் பெட்டியில் அச்சிடப்பட்டுள்ள 2000 வாட், 3000 வாட் என்பவை அதன் வழியாக ஒரு நேரத்தில் செல்லக்கூடிய மின்திறனின் மேல்வரம்பு. அவ்வளவு மின்திறனை அதற்கு யார் தருவது என்பது பெட்டியில் எழுதப்படுவதில்லை.

அச்சிட்ட எண்ணிலும் கவனம் வேண்டும். வோல்ட்-ஆம்பியரில் குறித்த அளவு வாட் அளவைவிடப் பெரிதாகத் தோன்றும்; 25 பாகை செல்சியசில் அளந்த திறன், கோடையில் மூடிய பெட்டியறைக்குள் குறைந்துவிடும்; சில நொடிகளுக்கு மட்டும் தரக்கூடிய உச்ச அளவைப் பெரிய எழுத்திலும், தொடர்ந்து தரக்கூடிய அளவைச் சிறிய எழுத்திலும் அச்சிடும் வழக்கமும் உண்டு. கையேட்டில் தொடர் மின்திறன், அதற்குரிய வெப்பநிலை ஆகிய இரண்டையும் தேடிப் படித்த பிறகே விலையைப் பார்ப்பது நன்று.

மின்னோட்டக் கணக்கு

தேர்வின் மையமான கணக்கு இதுவே. சமைக்கும் திறன் 1000 வாட் என்று குறிக்கப்பட்ட மைக்ரோவேவ் அடுப்பு, மின்வாயிலிலிருந்து ஏறத்தாழ 1500 வாட் எடுக்கிறது. 120 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர், சாதாரணக் கம்பி தாங்கும். அதே 1500 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 90 விழுக்காடு பயனுறுதிறனோடு பெற வேண்டுமாயின் 139 ஆம்பியர் தேவை. மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்காகும்போது மின்னோட்டம் பத்து மடங்காகும் என்பது பள்ளிப் பாடமே. ஆயினும் 139 ஆம்பியர் என்பது விரல் பருமனுள்ள செம்புக் கம்பியைக் கேட்கும் அளவு என்பதைச் சுவரில் உள்ள மின்வாயிலையே பார்த்துப் பழகியவர் உணர்வதில்லை.

கம்பியை எடுத்துக்கொள்வோம். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே 3 மீட்டர் தொலைவு எனில், சென்று திரும்பும் கம்பியின் நீளம் 6 மீட்டர். 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 139 ஆம்பியர் சென்றால் மின்னழுத்த இறக்கம் 1.4 வோல்ட், கம்பியில் மட்டும் ஏறத்தாழ 200 வாட் வெப்பமாகும். அது தீ விபத்துக்கான ஏற்பாடு. 35 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இறக்கம் 0.4 வோல்ட், இழப்பு 57 வாட். 70 சதுர மில்லிமீட்டரில் 0.2 வோல்ட், 28 வாட். வட அமெரிக்க அளவுமுறையில் 2/0 எனக் குறிக்கப்படும் கம்பி 67 சதுர மில்லிமீட்டர் ஆதலின் இக்கணக்குக்கு அணுக்கமானது. தொலைவை 3 மீட்டரிலிருந்து 1 மீட்டராகக் குறைத்தால் இறக்கமும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு அருகில் வைத்து, 120 வோல்ட் பக்கத்துக் கம்பியை நீளமாக இழுப்பதே முறை. கருவிகளுக்கு அருகில் அழகாக ஒரு சுவரில் இன்வெர்ட்டரைப் பதித்துவிட்டு, 12 வோல்ட் கம்பியை ஊர்தியின் நீளத்துக்கு இழுப்போர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர்.

மின்னழுத்த இறக்கத்தால் விளைவது வெப்பம் மட்டுமன்று. பெரும்பாலான 12 வோல்ட் இன்வெர்ட்டர்கள் உள்வரும் மின்னழுத்தம் 10.5 முதல் 11 வோல்ட்டுக்குக் கீழே சென்றால் தாமாக நின்றுவிடும். சுமை ஏறியவுடன் ஈய-அமிலப் பேட்டரியின் மின்னழுத்தம் 11.8 வோல்ட்டாக இறங்கியது என்றும், கம்பியில் மேலும் 1.4 வோல்ட் போயிற்று என்றும் கொண்டால், இன்வெர்ட்டரை அடைவது 10.4 வோல்ட். பேட்டரியில் பாதிக்கு மேல் மின்னூட்டம் இருந்தும் மைக்ரோவேவ் அடுப்பு நின்றுவிடும். பேட்டரி பழுது, இன்வெர்ட்டர் பழுது என்று இரண்டையும் மாற்றிப் பார்ப்போர் உண்டு. குறை கம்பியில் இருக்கும். இன்னொன்றும் இங்கே சேர்கிறது. இன்வெர்ட்டர் வெளிப்பக்கத்தில் 1500 வாட்டைக் குறையாமல் தர முயல்வதால், உள்வரும் மின்னழுத்தம் குறையக் குறைய மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும். 11 வோல்ட்டில் அது 151 ஆம்பியருக்கு மேல். இறக்கம் தன்னைத் தானே பெருக்கிக்கொள்கிறது.

இனிப் பேட்டரி. வட அமெரிக்க ஊர்திகளில் கோல்ஃப் வண்டிக்கென உருவான 6 வோல்ட் ஈய-அமிலப் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைப்பது பரவலான ஏற்பாடு. ஏறத்தாழ 220 ஆம்பியர்-மணி, அதாவது 2640 வாட்-மணி, கிடைக்கும். அந்த 220 என்ற எண் 20 மணி நேரத்தில் மெதுவாக, 11 ஆம்பியர் வீதம், எடுக்கும்போது பெறுவது. வேகமாக எடுத்தால் கொள்ளளவு சுருங்கும் என்பதை வில்ஹெல்ம் பாய்க்கெர்ட் 1897இல் சூத்திரமாக்கினார். அவர் பெயரால் வழங்கும் அடுக்கெண்ணை 1.2 எனக் கொண்டால், 139 ஆம்பியர் வீதம் எடுக்கும்போது இப்பேட்டரி 57 நிமிடங்களில் முற்றிலும் தீரும். எளிய வகுத்தல் கணக்கோ 95 நிமிடம் என்று நம்பிக்கை தரும். ஈய-அமிலப் பேட்டரியைப் பாதிக்கு மேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆதலின் உண்மையில் கைக்கு எட்டுவது அந்த 57 நிமிடத்தில் ஏறத்தாழப் பாதியே.

ஈய-அமிலப் பேட்டரியிலிருந்து நீண்ட நேரம் எடுக்கும் மின்னோட்டம் அதன் ஆம்பியர்-மணி எண்ணில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டாமை நலம் என்பது நடைமுறை விதி. 220 ஆம்பியர்-மணிக்கு அது 55 ஆம்பியர். 12 வோல்ட்டில், இன்வெர்ட்டரின் இழப்பும் போக, கிடைப்பது ஏறத்தாழ 600 வாட். இப்பேட்டரியோடு 3000 வாட் இன்வெர்ட்டரை இணைப்பது, சிறு கிணற்றில் பெரிய பம்புசெட்டை இறக்குவதைப் போன்றது. பம்பின் குதிரைத்திறன் ஊற்றைப் பெருக்காது. சில நிமிடங்களே ஓடும் மைக்ரோவேவ் அடுப்புக்காக இவ்வரம்பைக் கடக்கலாம். அதையே அன்றாட வழக்கமாக்கினால் பேட்டரி அதன் விலையை வசூலித்துவிடும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இத்தொல்லைகளில் பலவற்றைத் தீர்க்கிறது. 3.2 வோல்ட் கலங்கள் நான்கு சேர்ந்து 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி எனில் 1280 வாட்-மணி, அதில் பெரும்பகுதியையும் பயன்படுத்தலாம், வேகமாக எடுத்தாலும் கொள்ளளவு அதிகம் சுருங்குவதில்லை. ஆனால் அதனுள் அமைந்த மேலாண்மைச் சுற்று ஒரு மின்னோட்ட வரம்பை விதிக்கிறது. 100 ஆம்பியர்-மணிப் பேட்டரிகள் பலவற்றில் அது 100 ஆம்பியர். ஆகவே அத்தகைய ஒரு பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டரின் வழியே தொடர்ந்து வெளிவரக்கூடியது ஏறத்தாழ 1150 வாட். 2000 வாட் இன்வெர்ட்டரை வாங்கி இதனோடு இணைத்தவர் மைக்ரோவேவ் அடுப்பை இயக்கியவுடன் ஊர்தி முழுவதும் இருளக் காண்பார். மேலாண்மைச் சுற்று தன் கடமையைச் செய்திருக்கும். இணையாக இரண்டு பேட்டரிகள் இருந்தால் இவ்வரம்பு 200 ஆம்பியராகும்.

இவ்வளவு மின்னோட்டம் செல்லும் பாதையில் உருகி இன்றியமையாதது. கம்பியைக் காப்பதற்குரிய அளவில், பேட்டரியின் நேர்முனைக்கு இயன்றவரை அருகில் அது இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரியில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் பல்லாயிரம் ஆம்பியர் பாயக்கூடும். சாதாரண உருகி உருகிய பின்னும் இடைவெளியில் மின்வில் நீடிக்கலாம். 20,000 ஆம்பியர் வரை துண்டிக்கும் வல்லமை கொண்ட 'டி' வகை உருகியை அங்கே பயன்படுத்துவதன் காரணம் அதுவே. விலை கூடுதல்தான். இந்த ஓரிடத்தில் சிக்கனம் பார்ப்பதற்கில்லை.

பேட்டரியமைப்பை 24 அல்லது 48 வோல்ட்டாக்கினால் மின்னோட்டம் முறையே அரைப் பங்காகவும் கால் பங்காகவும் குறையுமே என்று கேட்கலாம். உண்மையே. மின்னழுத்தம் இரு மடங்கானால் அதே கம்பியில் இழப்பு நான்கில் ஒரு பங்காகும். ஆனால் ஊர்தியின் விளக்கு, நீரேற்றி, கணப்பு ஆகிய எல்லாம் 12 வோல்ட்டுக்கென உருவானவை. அவற்றுக்கென மின்னழுத்தம் குறைக்கும் கருவி ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கும். இக்கட்டுரையாளரின் கருத்தில், 2000 வாட் வரை 12 வோல்ட்டே போதும். 3000 வாட்டைக் கடக்க விரும்புவோர் 12 வோல்ட்டில் பிடிவாதம் காட்டுவது பொருந்தாது.

ஓர் இரவின் கணக்கு

குளிர்கால மலை முகாமில் மேற்கூறிய 220 ஆம்பியர்-மணி ஈய-அமிலப் பேட்டரியோடு ஓர் இரவைக் கழிப்பதாகக் கொள்வோம். பாதி அளவான 1320 வாட்-மணியே கையிருப்பு. எரிவாயுக் கணப்பு எரிவாயுவில் எரிந்தாலும் அதன் காற்றாடி 12 வோல்ட்டில் 8 ஆம்பியர் எடுக்கிறது. 10 மணி நேர இரவில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் 320 வாட்-மணி. சிபாப் கருவியில் நீரைச் சூடாக்கும் பகுதியை அணைத்துவிட்டால் 30 வாட் எனலாம். 8 மணி நேரத்துக்கு 240 வாட்-மணி. விளக்கு, நீரேற்றி, கசிவு உணரி ஆகியவற்றுக்கு 100 வாட்-மணி. மொத்தம் 660, எஞ்சுவது 660. காலையில் 900 வாட் காப்பிக் கருவி 10 நிமிடமும் மைக்ரோவேவ் அடுப்பு 5 நிமிடமும் ஓடினால், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 306 வாட்-மணி போகும். நாள் இனிதே தொடங்கும்.

இக்கணக்கில் ஒன்றை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. இன்வெர்ட்டர் எக்கருவியையும் இயக்காமல் வெறுமனே 'ஆன்' நிலையில் இருக்கும்போதும் மின்னாற்றலை உண்கிறது. சிறிய இன்வெர்ட்டருக்கு இது சில வாட். 3000 வாட் வகையில் 30 வாட் என்பது அரிதன்று. நாள் முழுதும் அணைக்காமல் விட்டால் 720 வாட்-மணி. எஞ்சியிருந்த 660 வாட்-மணியையும் விழுங்கி, அதற்கு மேலும் கேட்கும். 'பெரிதாகவே வாங்கிவைப்போம், எதிர்காலத்துக்கு உதவும்' என்ற எண்ணம் இங்கேதான் பிழைக்கிறது. சந்தையில் கிடைக்கும் ஒப்பீட்டுப் பட்டியல்களில் இந்த வெற்றுநிலை நுகர்வு பெரும்பாலும் கடைசி வரியில் இருக்கும். முதல் வரிக்கு வர வேண்டியது அது.

இன்வெர்ட்டர் தாழ்மின்னழுத்தத்தில் நின்றுவிடுமே, பேட்டரியை அது காக்காதா என்று எண்ணலாம். காக்காது. 12.1 வோல்ட் என்பது ஓய்வுநிலையில் உள்ள ஈய-அமிலப் பேட்டரியில் பாதி மின்னூட்டத்தைக் குறிக்கும். 139 ஆம்பியர் சுமையின்கீழ் 10.5 வோல்ட் வந்தால் பேட்டரியில் இன்னும் இருப்பு உண்டு. 3 ஆம்பியர் மட்டும் எடுக்கும் வெற்றுநிலையில் 10.5 வோல்ட் வந்தால் பேட்டரி முழுதும் ஓய்ந்துவிட்டது என்று பொருள். இரவெல்லாம் வெற்றுநிலையில் ஓடும் இன்வெர்ட்டர் அந்த இரண்டாம் நிலைக்கே இட்டுச்செல்லும். அதற்கு முன்பே கணப்பின் காற்றாடி நின்றிருக்கும். எரிவாயுக் கசிவு உணரியும் செயலிழந்திருக்கும். உறங்குவோருக்கு எதுவும் தெரியாது. ஆகவே படுக்கைக்கருகில் தொலை நிறுத்தி ஒன்று, பேட்டரியின் இருப்பை ஆம்பியர்-மணியில் காட்டும் அளவி ஒன்று, இவ்விரண்டையும் இன்வெர்ட்டரின் உறுப்புகளாகவே கருதி விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செலவிட்டதை மீட்கும் கணக்கும் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பு 10 நிமிடம் ஓடினால் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 280 வாட்-மணி போகிறது. 100 வாட் சூரியத் தகடு ஒன்று நல்ல கோடை நாளில் தருவது 300 முதல் 400 வாட்-மணி. பத்து நிமிடச் சூட்டுக்கு ஒரு தகட்டின் பகல் முழுதும்.

தொடக்க மின்னோட்டமும் கூரை ஏசியும்

மோட்டாரோ கம்ப்ரசரோ உள்ள கருவி, ஓடத் தொடங்கும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தைக் கேட்கும். இன்வெர்ட்டரின் உச்ச அளவு பயன்படும் இடம் இதுவே. 13,500 பிடியு திறனுள்ள கூரை ஏசி ஓடும்போது ஏறத்தாழ 1500 வாட் எடுத்தாலும், தொடக்கத்தில் 3000 வாட் இன்வெர்ட்டரையும் நிறுத்திவிடக்கூடும். மென்தொடக்கி எனும் துணைக்கருவியைப் பொருத்தினால் அத்தொடக்க மின்னோட்டம் வெகுவாகத் தணியும்.

மென்தொடக்கி விற்போர் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வர். ஏசி தொடங்கிவிட்டது, தொடர்ந்து ஓட ஆற்றல் எங்கே? 8 மணி நேர இரவில் கம்ப்ரசர் பாதி நேரமே ஓடினாலும் 6000 வாட்-மணி. இன்வெர்ட்டர் இழப்போடு 6600க்கு மேல். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரிகள் ஐந்தும் போதா. மறுநாள் அவ்வளவையும் நிரப்பவும் வேண்டும். கூரை ஏசியைப் பேட்டரியில் ஓட்ட விரும்புவோர் இன்வெர்ட்டரை மட்டும் வாங்குவதில்லை, ஒரு மின்நிலையத்தையே வாங்குகின்றனர்.

அலைவடிவம்

மலிவான இன்வெர்ட்டர்கள் 'மாற்றியமைத்த சைன் அலை' என்ற பெயரில் தருவது சைன் அலையே அன்று. மேல், சுழி, கீழ் என்ற மூன்று நிலைகளில் தாவும் படிக்கட்டு. சைன் அலையின் உச்சமும் சராசரி இருமடி மூலமும் இரண்டும் ஒத்திருக்குமாறு அப்படிக்கட்டை அமைத்தால், அடிப்படை அதிர்வெண்ணோடு ஒப்பிட அதன் சீரிசைச் சிதைவு 48 விழுக்காடாகிறது. தூய சைன் அலை இன்வெர்ட்டரில் அது பொதுவாக 5 விழுக்காட்டுக்குள் அடங்கும்.

வெப்பச் சுருளுக்கும் பழைய இழை விளக்குக்கும் இவ்வேறுபாடு பொருட்டன்று. மோட்டார்கள் இரைந்து சூடேறும். மின்மாற்றி உள்ள மைக்ரோவேவ் அடுப்பு மெதுவாகச் சமைக்கும். அலை சுழியைக் கடக்கும் தடவைகளை எண்ணி நேரம் காட்டும் கடிகாரம் விரைந்தோடலாம். மின்தேக்கியைக் கொண்டு மின்னழுத்தம் குறைக்கும் சிறு சார்ஜர்கள் எரிந்துபோவதும் உண்டு. மூச்சுக் கருவி போன்ற மருத்துவக் கருவிகளுக்குத் தூய சைன் அலையே வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை. முன்பு இருந்த விலை வேறுபாடு இன்று பெரிதும் குறைந்துவிட்டமையால், ஊர்தியில் நிலையாகப் பொருத்தும் இன்வெர்ட்டர் தூய சைன் அலை வகையாகவே இருப்பது நன்று.

இன்வெர்ட்டர் வேண்டாத கருவிகள்

பேட்டரி நேர்திசை மின்னோட்டம் தருகிறது. மடிக்கணினியும் கைப்பேசியும் சிபாப் கருவியும் உள்ளே நேர்திசை மின்னோட்டத்திலேயே இயங்குகின்றன. 12 வோல்ட்டை 120 வோல்ட் மாறுதிசையாக்கி, அதைச் சார்ஜரில் மீண்டும் தாழ்ந்த நேர்திசையாக்குவது இருமுறை வரி செலுத்துவதற்கு ஒப்பாகும். பெரும்பாலான சிபாப் கருவிகளுக்கு 12 வோல்ட்டிலிருந்து நேரே இயங்கும் இணைப்பி கிடைக்கிறது. முந்தைய இரவுக் கணக்கில் 240 வாட்-மணி என்று கொண்டது அத்தகைய இணைப்பியை வைத்தே; அதையே பெரிய இன்வெர்ட்டர் வழியாக இயக்கியிருந்தால், 8 மணி நேர வெற்றுநிலை நுகர்வும் இழப்பும் சேர்ந்து செலவு இரு மடங்காகியிருக்கும்.

குளிர்பதனப் பெட்டியின் கதை சுவையானது. ஸ்டாக்ஹோமின் அரச தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவராயிருந்த பால்ட்சார் ஃபான் பிளாட்டனும் கார்ல் முண்டர்சும் 1922இல் உருவாக்கிய உறிஞ்சுவகைக் குளிர்பதன முறை, கம்ப்ரசர் இன்றி வெப்பத்தால் இயங்குவது. எரிவாயுச் சுடரே போதுமென்பதால் அது இல்ல ஊர்திகளில் நிலைபெற்றது. மின்தூண் உள்ளபோது அதே வெப்பத்தை 300 வாட் அளவிலான மின்சுருள் தரும். அச்சுருளை இன்வெர்ட்டரில் இயக்குவது வீண்; பேட்டரியைத் தின்று வெப்பம் தரும் வேலையை ஒரு சிறு சுடர் செய்துவிடும். இன்வெர்ட்டர் இயங்கத் தொடங்கியதும் மின்சாரம் வந்துவிட்டதாகக் கருதிச் சுடரிலிருந்து சுருளுக்குத் தானாக மாறிக்கொள்ளும் பெட்டிகள் உண்டு. அவற்றை எரிவாயு நிலையிலேயே நிறுத்தி வைக்க வேண்டும். அண்மைக்கால ஊர்திகளில் இடம்பெறும் 12 வோல்ட் கம்ப்ரசர் பெட்டிகளோ பேட்டரியிலிருந்து நேரே இயங்குவன. இன்வெர்ட்டரோடு அவற்றுக்கு உறவில்லை.

இவற்றையெல்லாம் நீக்கிய பின் இன்வெர்ட்டரை உண்மையாகவே வேண்டி நிற்பவை சிலவே: மைக்ரோவேவ் அடுப்பு, காப்பிக் கருவி, மிக்சி, சில கைக்கருவிகள். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இயக்கலாம். கூட்டுத்தொகையை விட்டுவிட்டு, அவற்றுள் மிகப் பெரியதற்கு ஏற்ற இன்வெர்ட்டரைத் தேடினால் போதும். அப்பெரியதையும் பேட்டரி தாங்காதெனில், அதனைக் கைவிடுவதா, பேட்டரியைப் பெருக்குவதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இணைப்பும் நடுநிலைக் கம்பியும்

வட அமெரிக்க முறையில் நடுநிலைக் கம்பியும் புவி இணைப்புக் கம்பியும் ஓரிடத்தில் மட்டுமே ஒன்று சேர வேண்டும். முகாம் மின்தூணிலிருந்து மின்சாரம் பெறும்போது அவ்விணைப்பு தூணுக்குரிய மின்வழங்கல் பக்கத்தில் உள்ளது. ஊர்தியின் மின்பலகையில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். இன்வெர்ட்டரே மூலமாகும்போது அவ்விணைப்பு இன்வெர்ட்டரில் ஏற்பட வேண்டும். மின்தூணுக்குத் திரும்பியவுடன் நீங்க வேண்டும். இல்லையேல், கருவியொன்றின் உலோக உடலில் மின்னோட்டக் கம்பி பட்டாலும் சுற்று முறிப்பான் விழாது. அவ்வுலோகம் மின்னழுத்தத்தோடு காத்திருக்கும். மாற்று ரிலே உள்ளடங்கிய, ஊர்திக்கென உருவாக்கப்பட்ட இன்வெர்ட்டர்கள் இந்த மாற்றத்தைத் தாமே செய்கின்றன. தரை ஊர்திகளுக்கும் படகுகளுக்குமான இன்வெர்ட்டர்களை யூஎல் 458 என்ற தரநிலை தனியே வகுத்திருப்பதும், அமெரிக்கத் தேசிய மின் நெறித்தொகுப்பின் 551ஆம் பிரிவு இல்ல ஊர்திகளுக்கென ஒதுக்கப்பட்டிருப்பதும் இத்தகைய காரணங்களாலேயே. வீட்டு இன்வெர்ட்டரை ஊர்தியில் ஏற்றுவோர் அதிர்வைப் பற்றி மட்டுமே கவலைப்படுகின்றனர்.

தனி இன்வெர்ட்டரின் மின்வாயிலில் ஊர்தியின் வெளிக்கம்பியையே செருகிவிடும் எளிய வழியும் கையாளப்படுகிறது. அப்போது நடுநிலை இணைப்புக் கேள்வி தீராததோடு, ஊர்தியின் பேட்டரிச் சார்ஜரும் விழித்துக்கொள்ளும். பேட்டரி இன்வெர்ட்டருக்குத் தருகிறது; இன்வெர்ட்டர் சார்ஜருக்குத் தருகிறது; சார்ஜர் அதே பேட்டரிக்குத் தருகிறது. கிணற்றில் இறைத்த நீரை அக்கிணற்றிலேயே ஊற்றுவது போன்ற இச்சுழற்சியில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகுதி வெப்பமாகிப் போகும். இவ்வழியைத் தவிர்க்க இயலாதவர் சார்ஜரின் சுற்று முறிப்பானை முதலில் அணைத்துவிட வேண்டும். உறிஞ்சுவகைக் குளிர்பதனப் பெட்டியின் மின்சுருளையும் அவ்வாறே.